எரிச்சலுக்குப் பின்னால் செம்பு



நன்றாகப் படித்த பிள்ளை திடீரென எரிந்து விழுவாள், காரணமின்றி அழுவாள், புள்ளிகளும் குறையும். "வயசுக் கோளாறு" என்போம், நேர்த்தியும் வைப்போம். கையெழுத்துச் சிதைந்து பேச்சும் குழறினால், 1912இல் கின்னியர் வில்சன் விவரித்த வில்சன் நோயையும் நினையுங்கள். கையெழுத்து மாறுவதை முதலில் காண்பவர்கள் ஆசிரியைகள்தானே!

மிஞ்சிய செம்பை ஈரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டும். அதற்குரிய மரபணு பழுதானால் செம்பு ஈரலிலும் மூளையிலும் தேங்கும். சிலருக்கு மனக்குழப்பமே முதல் அறிகுறி. மனநோய் என்று மட்டும் எண்ணிக் கொடுக்கும் சில மருந்துகள் நடுக்கத்தைக் கூட்டிவிடலாம். குருதி, 24 மணிநேரச் சிறுநீர், கருவிழி ஓரத்துக் கபில வளையம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பெனிசிலமைன், நாகம் போன்ற மருந்துகள் உண்டு. ஆயுள் முழுதும் எடுக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சுகமாக ஓடித்திரியும் தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.