இறகு இழந்த கோழிகள்

முட்டையிடும் கோழிகளைக் கம்பிக் கூடுகளில் வரிசை வரிசையாக அடைத்து வளர்க்கும் முறைக்குப் பற்றறி முறை என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியாவில் இம்முறை விரைந்து பரவியது. 1964-ஆம் ஆண்டில் றூத் ஹரிசன் அம்மையார் ‘அனிமல் மெஷின்ஸ்’ என்னும் நூலில் இதன் கொடுமையை எடுத்துக்காட்டினார். ஆயினும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வெறுங் கம்பிக் கூடுகள் தடைசெய்யப்பட்டது 2012 ஜனவரி 1-ஆந் திகதியிலேதான். அதன் பின்னரும் பரணும் முட்டையிட மறைவிடமும் கொண்ட, சற்றே விசாலமான கூடுகள் பிரித்தானியாவில் நீடித்தன.

ஏறக்குறைய ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கியதும் இக்கோழிகள் இறைச்சிக்கு அனுப்பப்படுவது வழக்கம். அவற்றுட் சிலவற்றை மீட்டு, வீடுகளில் வாழவைக்கும் தொண்டு அங்கே நடைபெறுகின்றது. 2005-இல் நிறுவப்பட்ட பிரித்தானியக் கோழி நல அறக்கட்டளை இதில் பேர்பெற்றது.

மீட்கப்பட்ட கோழியின் தோற்றம் இரங்கத்தக்கது. கம்பியில் உராய்ந்தும், உடனுறைந்த கோழிகள் கொத்தியும், கழுத்திலும் மார்பிலும் வாலடியிலும் இறகு உதிர்ந்திருக்கும். கொண்டை வெளிறித் துவண்டு கிடக்கும். இதனைக் கண்டு இரங்கிய பலர், கம்பளி நூலாற் சிறு சட்டை பின்னி அணிவித்தனர். எண்ணம் நல்லது, பயனோ நன்றன்று. சட்டை முளைக்கும் இறகை அழுத்துகின்றது. மழையில் நனைந்து குளிரைக் கூட்டுகின்றது. கோழி தன் உடலைக் கோதிக்கொள்ளவும் தடையாகின்றது. காற்று ஊடறுக்காத, நனையாத கொட்டிலும் தடித்த வைக்கோற் படுக்கையுமே அதற்குத் தக்க போர்வை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது உணவு. இறகின் பெரும்பகுதி புரதமே. இறகற்ற கோழி, உடற்சூட்டைக் காக்கவும் மிகுதியாக உண்ணும். ஆகையால், பழகிய முட்டைக் கோழித் தீவனத்தையே முதலில் வயிறார அளித்தல் வேண்டும். மாற்ற விரும்பின் சிறிது சிறிதாக மாற்றலாம். தானியத்தை அள்ளி இறைத்தால், அதனைத் தின்று கோழி புரதம் நிறைந்த தீவனத்தைத் தவிர்த்துவிடும். சிப்பித் தூளும் தூய நீரும் எப்பொழுதும் அருகிருக்க வேண்டும். முட்டையோட்டுக்குச் சுண்ணச்சத்தைக் கொடுத்துக் கொடுத்து இக்கோழிகளின் எலும்பு நொய்ந்திருக்கும். எனவே பரண் தாழ்வாக இருத்தல் நன்று. உயரத்திலிருந்து குதித்தாற் கால் முறியவுங் கூடும்.

சில வாரங்களில் தோலிலே முள்போன்ற குருத்துகள் தோன்றும். அவற்றினுள்ளே இரத்தம் ஓடுகின்றது. அப்பொழுது கோழியை அடிக்கடி தூக்குதல் ஆகாது. குருத்து முறிந்தால் இரத்தம் கசியும். சிவப்பைக் கண்ட மற்றைக் கோழிகள் அவ்விடத்தையே கொத்தும். காயமுற்றதை உடனே பிரித்து, ஆறும்வரை மற்றவற்றின் கண்ணிற்படும் தூரத்தில் வைத்திருந்தால், மீண்டும் கூட்டத்திற் சேர்ப்பது எளிதாகும். குருத்து முதிர்ந்ததும், கோழி தானே அலகினால் உறையைக் கோதி நீக்க, இறகு விரிகின்றது.

எல்லாக் கோழிகளும் ஒரே காலத்தில் தேறுவதில்லை. வேரோடு உதிர்ந்த இடத்தில் இறகு விரைவில் முளைக்கும். பாதியில் ஒடிந்த இறகோ அதன் அடித்தண்டு விழும்வரை புதுப்பிக்கப்படுவதில்லை. ஆதலால், சில கோழிகள் அடுத்த இறகுதிர் காலம்வரை அரைகுறைக் கோலத்துடனேயே உலவும். அந்நாளில் முட்டை நின்றுபோவதும் இயல்பே. முட்டைக்குச் செல்லும் சத்து இறகுக்குச் செல்கின்றது. அக்காலத்தில் முட்டையை எதிர்பாராது தீவனம் இடுபவரே உண்மையில் கோழியைக் காப்பவர்.

கூட்டிலே பிறவிக் குணங்கள் அடங்கிக் கிடந்தனவேயன்றி அழிந்துவிடவில்லை. உலர்ந்த மண்ணைக் கண்டதும், அதுவரை மண்ணையே மிதித்தறியாத கோழி, காலாற் கிளறுகின்றது. குழி பறித்துப் புழுதியில் புரண்டு குளிக்கின்றது. வெயிலிற் சிறகை விரித்துக் கிடக்கின்றது. எவரும் கற்பித்ததன்று. கொண்டை நாளடைவிற் சிவந்து நிமிர்கின்றது. இறகைக் கொடுப்பது மனிதன் அல்லன்; அது வளர்வதற்குரிய உணவும் வெயிலும் மண்ணும் அமைதியும் கிடைக்கச் செய்வதே அவன் கடன்.