விளையாட்டுப் புறக்கணிப்பு: விலை கொடுப்பது யார்?

மனித உரிமையை மிதிக்கும் ஓர் அரசு விளையாட்டு விழா எடுத்தால் அதில் கலந்துகொள்வதா, விலகுவதா? இந்தியாவில் இந்தக் கேள்வி தெருவுக்கு வந்த நாள் 2008 ஏப்ரல் 17. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் சுடர் அன்று புதுதில்லிக்கு வந்தது. ராஷ்டிரபதி பவனுக்கும் இந்தியா கேட்டுக்கும் நடுவே, மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத ஓட்டம். எழுபது பேர் அளவில், ஆளுக்குச் சில அடிகள் ஓடிக் கைமாற்றினார்கள். ஓடியவர்களைவிடக் காவலர்கள் பல மடங்கு அதிகம். பொதுமக்கள் கிட்டே வர வழியில்லை. அதே நாளில் ராஜ்காட்டிலிருந்து ஜந்தர் மந்தருக்கு இன்னொரு சுடர் போனது. அதை ஏந்தியவர்கள் திபெத்திய அகதிகள்.

அரசின் சுடரை ஏந்த அழைக்கப்பட்டும் மறுத்தவர் இந்தியக் கால்பந்து அணியின் அன்றைய தலைவர் பாய்ச்சுங் பூட்டியா. சிக்கிம்காரர், பௌத்தர். திபெத் மக்களின் பக்கம் நிற்க இதுவே தன் வழி என்றார். ஒலிம்பிக்கை நிறுத்தச் சொல்லவில்லை. மற்ற வீரர்களைப் போகாதே என்று தடுக்கவுமில்லை. தன் கைக்கு வந்த கௌரவத்தை மட்டும் வேண்டாம் என்றார். தனக்கு வரும் பெருமையைத் துறப்பது ஒன்று. அடுத்தவரின் வாழ்நாள் வாய்ப்பைத் துறக்கச் சொல்வது வேறு. இந்த விவாதத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது.

திபெத்தின் கதை சுருக்கமாக இது. 1950-இல் சீனப் படைகள் நுழைந்தன. 1951-இல் பதினேழு அம்ச ஒப்பந்தம் திணிக்கப்பட்டது. 1959 மார்ச்சில் லாசாவில் எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட, தலாய் லாமா மலை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். தரம்சாலாவும், கர்நாடகத்தின் பைலகுப்பேயும் முண்ட்கோடும் அகதிகளின் ஊர்களாயின. குளிர்காலம் தொடங்கும்போது தமிழக நகரங்களின் நடைபாதையில் ஸ்வெட்டர் விரித்து விற்பவர்கள் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தாம். 2008 மார்ச்சில் லாசாவில் மீண்டும் போராட்டம் வெடித்தது, மீண்டும் ஒடுக்கப்பட்டது. ஐந்து மாதத்தில் ஒலிம்பிக். புறக்கணிப்புக் குரல் அப்போதுதான் உலகெங்கும் ஓங்கியது.

திபெத்தியர்களே இதில் ஒரே கருத்தில் இல்லை. தலாய் லாமா புறக்கணிப்பை ஆதரிக்கவில்லை; ஒலிம்பிக்கை நடத்தும் தகுதி சீன மக்களுக்கு உண்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இளைஞர்களுக்கு அந்த நிதானம் போதவில்லை. தரம்சாலாவிலிருந்து திபெத்துக்கு நடந்தே போகிறோம் என்று மார்ச் 10-ஆம் தேதி கிளம்பியவர்களை இந்தியக் காவல்துறை காங்ரா மாவட்டத்திலேயே நிறுத்தியது.

திபெத்துக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கேட்கப் போனவர் தோண்டுப் வாங்சென். திரைப்படப் பள்ளி வாசலை மிதிக்காத எளிய மனிதர். ஜிக்மே கியாட்சோ என்ற துறவியின் துணையோடு, கையடக்கக் கேமராவுடன் திபெத்திய ஊர்களில் சுற்றி, நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒலிம்பிக் பற்றிக் கேட்டார். முகத்தை மறைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் பலர். இந்த விழாவில் தங்களுக்கு மகிழ்ச்சி கொள்ள ஏதுமில்லை, தலாய் லாமா திரும்பி வரவேண்டும் என்றே பலர் பேசினார்கள். பதிவுகள் வெளிநாடு போய்ச் சேர்ந்த கையோடு, 2008 மார்ச்சில் அவர் பிடிபட்டார். அரைமணி நேரம்கூட ஓடாத அந்தப் படம் ஒலிம்பிக் தொடங்கும் வாரத்தில் பெய்ஜிங்கிலேயே வெளிநாட்டு நிருபர்களுக்கு ரகசியமாகக் காட்டப்பட்டது. எடுத்தவருக்கு ஆறு ஆண்டு சிறை. 2014-இல்தான் வெளியே வந்தார். புறக்கணிப்பு பற்றி வெளியே நடந்த எல்லா விவாதங்களையும்விட, முகத்தைக் காட்டிப் பேசிய அந்த மனிதர்களின் துணிவுக்கு எடை அதிகம்.

எளியவருக்காக அரசனின் விழா ஒதுங்குமா என்ற கேள்வி வந்தால் திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரைத் தாண்டிப் போக முடியாது. கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தவர் அவர். அதே நாளில் காஞ்சியில் தான் கட்டிய கற்கோயிலுக்குப் பல்லவ அரசன் காடவர்கோன் விழா வைத்திருந்தான். இறைவன் கனவில் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலின் ஆலயம் புகுகிறேன், உன் நாளைத் தள்ளி வை என்றதும் அரசன் மறுபேச்சுப் பேசவில்லை. ஏதுமற்றவன் ஒருவனுக்காக அரசனின் விழா ஒதுங்கி நின்றது என்கிறது பெரியபுராணம். 2008-இல் ஒலிம்பிக் குழு அப்படி எதையும் ஒதுக்கி வைக்கவில்லை. ஆகஸ்ட் 8-ஆம் தேதி குறித்த நேரத்தில் விழா தொடங்கியது. அமெரிக்க அதிபர் புஷ்ஷும் பிரெஞ்சு அதிபர் சார்க்கோசியும் மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். இந்தியா விலகியிருந்தால் அந்தத் தங்கம் இல்லை. இந்தியா போனதால் திபெத்துக்கு விடிவும் வரவில்லை; 2009 முதல் 150-க்கும் மேற்பட்ட திபெத்தியர்கள் தீக்குளித்திருக்கிறார்கள்.

அப்படியானால் விளையாட்டுப் புறக்கணிப்பே வீண் முயற்சியா? இல்லை என்பதற்கு நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்கா சாட்சி. அங்கே புறக்கணிப்பைக் கேட்டவர்கள் ஒடுக்கப்பட்டவர்களே. கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் முன்னின்று 1962-இல் தொடங்கிய அமைப்பு, தங்கள் நாட்டை ஒலிம்பிக்கிலிருந்து விலக்குங்கள் என்று உலகிடம் மன்றாடியது. அவர் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னாளில் அந்த அமைப்பை லண்டனிலிருந்து நடத்தியவர் டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சாம் ராம்சாமி. 1964 டோக்கியோவில் தொடங்கிய விலக்கம், 1970-க்குப் பிறகு கிரிக்கெட்டையும் மூடியது. 1991 நவம்பரில் கல்கத்தாவில் ஆடும்வரை தென்னாப்பிரிக்க அணிக்குச் சர்வதேச கிரிக்கெட் கிடையாது.

அதற்கு இந்தியா கொடுத்த விலையில் பெரும்பங்கு சென்னையுடையது. 1974-இல் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்களின் பலத்தில் இந்திய டென்னிஸ் அணி ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் வீழ்த்தி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. அரசு ஆடக்கூடாது என்றது, இந்தியா ஆடவில்லை, பந்து படாமலே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா அந்தக் கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. ஆனாலும் அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. காரணம் எளிது: 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. அரசு தன் பங்கை முதலில் கொடுத்துவிட்டு, பிறகுதான் ஆட்டக்காரர்களிடம் கேட்டது.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா, மேற்கு ஜெர்மனி, ஜப்பான் உள்ளிட்ட அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் வரவில்லை. இந்தியா போனது. பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் இல்லாத ஹாக்கிக் களத்தில், தமிழகத்தின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. அமெரிக்கா நிறுத்திய தானிய ஏற்றுமதி மறுவருடமே தொடங்கிவிட்டது. சோவியத் படை வெளியேற 1989 ஆயிற்று. பல வருடம் பயிற்சி எடுத்த வீரர்களுக்கோ அந்த ஒலிம்பிக் திரும்பவே இல்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காயாக இருந்ததில்லை. ஈழத்தில் 2009-இல் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டமும் இங்கே ஒரு காயத்தைத் தொட்டது. 2012 செப்டம்பரில், சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்பு ஆட்டம் ஆட வந்த கொழும்பு ராயல் கல்லூரி மாணவர்களின் கால்பந்து அணி, முதல்வர் ஜெயலலிதாவின் உத்தரவால் திருப்பி அனுப்பப்பட்டது.  2013 பிப்ரவரியில், இலங்கை பங்கேற்கும் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்த இயலாது என்று மாநில அரசு அறிவித்தது. போட்டி புனேக்குப் போனது. மார்ச்சில், கொல்லப்பட்ட புலிகள் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் தமிழர் நெஞ்சை உலுக்கியிருந்த வேளையில், லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. அந்த மாதக் கடைசியில், ஐபிஎல்லின் சென்னை ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆடமாட்டார்கள் என்று முடிவாயிற்று.

இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. தடகளப் போட்டியை நடத்த மறுத்தது சரி: கொலைக்குப் பொறுப்புக் கூறாத அரசின் கொடிக்கு வரவேற்பு வளைவு கட்ட ஒரு மாநில மக்களுக்குக் கடமையில்லை. ஐபிஎல் தடை குழப்பமானது. தனியார் அணிகளில் கூலிக்கு ஆடியவர்களை அது தடுத்தது. பெங்களூரு அணியில் இருந்த முத்தையா முரளிதரன் என்ற தமிழரையும் தடுத்தது. முரளிதரனின் அரசியல் கருத்துகளைப் பலர் ஏற்பதில்லை. ஆனால் தடை அவர் கருத்துக்காக வரவில்லை, அவர் நாட்டுக்காக வந்தது. பள்ளி மாணவர்களைத் திருப்பி அனுப்பியது தவறு. அந்தப் பிள்ளைகள் எந்த அரசுக்கும் முகம் இல்லை. இலங்கையின் ராஜபக்சே அரசை அசைத்தது ஜெனிவா மனித உரிமை மன்றத்தின் தீர்மானமும், கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குக் கனடாவின் பிரதமர் ஹார்ப்பர் வர மறுத்ததும்தான். கால்பந்து மாணவர்கள் ஊர் திரும்பியதில் அந்த அரசுக்கு எள்ளளவு நட்டமும் இல்லை.

2022-இல் இரண்டு வழிகள் அடுத்தடுத்துத் தென்பட்டன. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில், கல்வான் மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரியின் கையில் சுடரைக் கொடுத்தார்கள். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உட்பட இருபது இந்திய வீரர்கள் உயிர்விட்ட மோதல் அது. பெய்ஜிங்கில் உள்ள இந்தியப் பொறுப்புத் தூதர் தொடக்க விழாவுக்கும் நிறைவு விழாவுக்கும் போகமாட்டார் என்றது அரசு. தூர்தர்ஷன் இரண்டையும் ஒளிபரப்பவில்லை. பனிச்சறுக்கு வீரர் ஆரிஃப் கான் மட்டும் போட்டியிட்டார். தண்டனை மேடைக்கு, களத்துக்கு அல்ல. ஆனால் காரணம் கல்வான். திபெத்தின் பெயர் அதில் இல்லை. சில வாரங்களில் ரஷ்யா உக்ரைனுக்குள் புக, மாஸ்கோவில் நடக்கவிருந்த செஸ் ஒலிம்பியாட் பறிக்கப்பட்டு மாமல்லபுரத்துக்கு வந்தது. ஒலிம்பியாட் நின்றுவிடவில்லை. பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் சொந்த ஊர்ப் பக்கமே ஆடி வெண்கலம் வென்ற அணிகளில் இருந்தார்கள். ரஷ்யா நடத்தும் பெருமையை இழந்தது; அதன் அணிகளுக்கும் அங்கே இடமில்லை.

அதே மாமல்லபுரத்துக்கு 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தபோது, லயோலாவில் படித்த திபெத்தியக் கவிஞர் டென்சின் சுண்டூ தமிழக மண்ணில் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார். திபெத்திய மாணவர்களும் பிடிக்கப்பட்டார்கள். தெருவில் பதாகை பிடிக்கக்கூட அகதிக்கு இடம் தராத அரசு, திபெத்துக்காக ஓட்டப்பந்தய வீரரைத் தியாகம் செய்யச் சொல்ல உரிமையற்றது.

ஆகவே திபெத்துக்காக வீரர்களைக் களத்திலிருந்து இழுப்பது தவறு. அமைச்சர்கள் விழாப் பந்தலில் அமர்வதும் தவறு. போராட வேண்டிய நேரம், விழா எந்த ஊருக்கு என்று முடிவாகும் நேரம். விழா நடத்தும் நகரங்களின் ஒப்பந்தத்தில் மனித உரிமை நிபந்தனையை ஒலிம்பிக் குழு 2017-இல்தான் சேர்த்தது. அது 2024 பாரிஸ் முதல் பொருந்தும். 2008-க்கும் 2022-க்கும் பெய்ஜிங் அந்தக் கையெழுத்துப் போடாமலே விழாவைப் பெற்றது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்திருக்கிறது. லாசாவைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை நம் ஊர்களைப் பற்றியும் உலகம் கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருக்கும் அரசை இப்போதிலிருந்தே கேட்டு வாங்க வேண்டியது நாட்டு மக்களின் பொறுப்பு.