சாவியைக் கொடுத்தது யார்?

துணிந்து பார்ப்பது பதின்பருவத்தின் இயல்பு. அந்த வயதின் கையில் வண்டிச் சாவியைத் தருவது பெரியவர்களின் குற்றம்.

2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் மாண்டனர். அன்றே கிடைத்த பிணையின் நிபந்தனைகளுள் ஒன்று, 300 சொற்களில் கட்டுரை! மக்கள் கொதித்தெழுந்த பின்னரே சிறுவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, சிறாரின் குற்றத்துக்குப் பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ பொறுப்பாக்குகிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

பேருந்து வராத ஊர்களில், பள்ளி செல்லவே மாணவன் அண்ணனின் வண்டியை எடுக்கிறான். சட்டம் எல்லோருக்கும் சமமாகட்டும், பள்ளி நேரத்தில் பேருந்து ஓடட்டும் என்ற இரு முழக்கங்களும் ஒருசேர எழ வேண்டும்.