இதுவாந்தன்மை: ஸ்காட்டியப் பள்ளியின் கொடை



ஒரு பேரறிஞரின் பெயரே மூடனைக் குறிக்கும் வசைச்சொல்லாய் மாறிய விந்தையை மொழி வரலாறு காட்டுகிறது. கல்வி ஏறாதவனை ஆங்கிலத்தில் 'டன்ஸ்' என்பர். அச்சொல் ஜான் டன்ஸ் ஸ்காட்டஸ் என்னும் துறவியின் பெயரிலிருந்து பிறந்ததாகும்.

ஏறத்தாழ 1266ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஸ்காட்டஸ், பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஆக்ஸ்போர்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்தவர். போப்பாண்டவருக்கு எதிராகப் பிரெஞ்சு மன்னன் பக்கம் நிற்க மறுத்தமையால், 1303இல் பாரிசைவிட்டு நீங்க நேர்ந்தது. 1308இல் கொலோன் நகரில் மறைந்தார். 'நுண்ணறிவுப் பேராசான்' என்று அவரைப் போற்றிய மாணவர் வழியே ஸ்காட்டியப் பள்ளி தழைத்தது.

அப்பள்ளி எழுப்பிய வினாக்களுள் ஒன்று கவிஞர்க்கு மிக நெருக்கமானது. சாக்ரடீசும் மனிதர், பிளேட்டோவும் மனிதர். மனிதத்தன்மை இருவர்க்கும் பொது. அங்ஙனமாயின், சாக்ரடீசைச் சாக்ரடீசாகவே நிறுத்துவது யாது? அளவுக்குட்பட்ட பருப்பொருளே என்றார் தாமஸ் அக்குவினாஸ். ஸ்காட்டஸ் அதனை ஏற்கவில்லை. பருப்பொருளும் பலவற்றிற்குப் பொதுவே. அளவும் நிறமும் பின்னர் வந்து சேர்பவையே. ஒரு பொருளைப் பிறிதொன்று ஆகாவண்ணம் நிறைவு செய்யும் இறுதி மெய்ம்மை அதனுள்ளேயே உண்டு என்பது அவர் முடிபு. 'இந்த' எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து, அது 'ஹேக்கேயிட்டாஸ்' எனப் பெயர் பெற்றது. தமிழில் இதுவாந்தன்மை எனலாம். இலக்கணம் வகுத்து இதனைச் சொல்ல இயலாது. சுட்டிக் காட்டவே இயலும்.

காலம் மாறிற்று. மறுமலர்ச்சி அறிஞரும் சமயச் சீர்திருத்தவாதிகளும் ஸ்காட்டியரை வீண்வாதிகள் என்று எள்ளினர். 1535இல் அரசு ஆய்வாளர் ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது, ஸ்காட்டஸ் நூல்களின் ஏடுகள் கல்லூரி முற்றத்தில் காற்றில் பறந்தன. பள்ளி முற்றும் அழியவில்லை. 1639இல் லூக் வாடிங் அவர்தம் நூல்களைத் தொகுத்து லியோன் நகரில் பதிப்பித்தார். அன்னை மரியாளின் அமலோற்பவத்திற்காக ஸ்காட்டஸ் வாதிட்ட கருத்து, 1854இல் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாயிற்று. ஆயினும் வசைச்சொல் மட்டும் நின்றுவிட்டது.

அவ்வசையைப் பொருட்படுத்தாது ஸ்காட்டசை நாடியவர் ஒரு கவிஞர். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளைத் தீயிலிட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் உள்வடிவம் உண்டு என்று அவர் உள்ளம் கண்டிருந்தது. ஆனால், தனிப்பொருள்மீது கொள்ளும் காதல் துறவிக்குத் தகுமா? 1872இல் மேன் தீவில் ஸ்காட்டசின் உரைநூலைப் பயின்றபோது அவர் உள்ளம் தெளிந்தது. தனிப்பொருளைக் கூர்ந்து நோக்குவது இறைவனை விட்டு விலகுவதன்று; படைத்தவன் விரும்பியதைத் தானும் விரும்புவதே. 1875 இறுதியில், கப்பலொன்று மூழ்கிய செய்தி கேட்டு மீண்டும் பாடத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டில் ஸ்காட்டஸ் வாழ்ந்ததை எண்ணி, 1879இல் ஒரு கவிதையும் யாத்தார். 1889இல் மறைந்த அவர்தம் கவிதைகள் 1918இலேயே நூலுருப் பெற்றன.

ஏளனத்தில் புதைந்த ஓர் ஆசானின் சிந்தனை, ஐந்நூறு ஆண்டுகட்கு மேல் கடந்து, வாய்மூடியிருந்த ஒரு கவிஞர்க்குத் துணையாயிற்று. ஒரு பள்ளியின் வாழ்வை அதன் மாணவர் தொகையோ, மாற்றார் சூட்டிய பெயரோ அளந்துவிடா. பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டத்திற்கும் இது பொருந்தும். மலர் எனும் பொதுமை எங்கும் மலர்வதில்லை. இந்த மலரே மலர்கிறது. அதனைச் சுட்டிக் காட்டுவதன்றோ கவிஞர் கடன்!