"நம்ம ஆள்" என்பது ஒரு தகுதியா?

(பாலவனத்தத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கூட்டம் என்றால் கூலி, பஞ்சப்படி, பட்டா என்று பேசுவது வழக்கம். இன்று வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறோம். ஆனால் அதுவும் வயிற்றுப்பாட்டு விஷயம்தான்.

பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர். தகப்பனாருக்கு நூல் மில்லில் ரிங் பிரேம் வேலை. தாயார் களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் போகிறவர். கடன் வாங்கி என்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். சென்னையில் புதிதாக ஆரம்பித்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, ஸ்டார்ட்அப் என்கிறார்களே, அதற்கு இண்டர்வியூ போனார். மூன்று சுற்றுப் பரீட்சை, மூன்றிலும் தேறினார். நாலாவது சுற்று, "சும்மா பேசிக்கொண்டிருப்போம்" என்றார்களாம்.

லீவுக்கு எந்த ஊருக்குப் போவீர்கள்? என்ன விளையாட்டு விளையாடுவீர்கள்? அப்பா என்ன செய்கிறார்? கடைசியில், "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம், சனி ஞாயிறு பார்க்க மாட்டோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தப் பெண், "அவசரம் என்றால் வருவேன். வாராவாரம் என்றால் அது அவசரம் இல்லை, ஆள் பற்றாக்குறை. களைத்த கை தப்பு செய்யும். மில் வீட்டில் வளர்ந்தவள், எனக்குத் தெரியும்" என்று சொன்னார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. திறமை நன்று, ஆனால் "கல்ச்சர் ஃபிட்" இல்லை. அதாவது எங்கள் கலாச்சாரத்துக்குப் பொருந்தி வரமாட்டீர்கள்.

அந்தப் பெண் சங்க ஆபீசுக்கு வந்து கேட்டார்: "எனக்குக் கலாச்சாரம் இல்லையா, அண்ணே?" அன்று எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இன்று சொல்ல முயல்கிறோம்.

தோழர்களே! இது புதுச் சரக்கா? பெயர்தான் புதிது. பழைய மில் கேட்டில் ஆள் எடுத்தவர் யார்? மேஸ்திரி. யாரை எடுத்தார்? சொந்தக்காரனை, சாதிக்காரனை, மாமூல் கொடுத்தவனை, கும்பிடு போட்டவனை. "இவன் நம்ம ஆள்" என்பதே அன்றைய சர்டிபிகேட். ஆளெடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரி கையிலிருந்து எடுக்க வேண்டும் என்று, வெள்ளைக்காரன் போட்ட விட்லி கமிஷனே 1931-ல் எழுதியது. மேஸ்திரியின் தலைப்பாகை போய்விட்டது. ஏ.சி. அறையில் "கல்ச்சர் ஃபிட்" என்று உட்கார்ந்திருப்பது அந்த மேஸ்திரியின் பேரன்தான்!

ஆத்திரத்தில் பேசுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்குப் பார்ப்போம்.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து 2007-ல் வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். படிப்பு ஒன்றே, தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி என்று தெரியும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்று பங்கு என்றால், தலித் என்று தெரியும் பெயருக்கு இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு ஒரே பங்கு! முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, காகிதத்திலேயே இந்தக் கதி.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்கா, கேதரின் நியூமன் இருவரும் டெல்லியில் பெரிய கம்பெனிகளுக்கு ஆளெடுக்கும் 25 அதிகாரிகளிடம் பேசி எழுதினார்கள். தகுதி ஒன்றுதான் பார்க்கிறோம் என்பது அதிகாரிகளின் பேச்சு. அதே வாயால் குடும்பப் பின்னணியையும் விசாரிக்கிறார்கள். அப்பன் என்ன வேலை பார்க்கிறான் என்பதில் மகளின் தகுதி எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் மட்டும் வாழுகிறதா? லாரன் ரிவேரா என்ற அம்மையார் அங்கே பெரிய வங்கி, வக்கீல் கம்பெனி, ஆலோசனைக் கம்பெனிகளில் ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு 2012-ல் எழுதினார். வேலைத் திறமையைவிட, தன்னைப் போலவே பொழுதுபோக்கும் பேச்சும் உள்ளவரா என்பதே பல இடங்களில் பெரிதாக எடைபோடப்பட்டது என்று கண்டார். கோல்ப் ஆடுகிறவன் கோல்ப் ஆடுகிறவனை எடுக்கிறான். ஆடு மேய்த்தவர் மகளை யார் எடுப்பது?

நம் தமிழ்நாட்டையே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் ஒதுக்கினார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வந்தது. கம்பெனி மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம், ஆளெடுப்பில் பெண்களைப் பாகுபடுத்தக் கூடாது என்ற 1976-ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தைக் காட்டி, மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அங்கே மணமானவள் ஆகாது என்ற புகார். சுமங்கலித் திட்டம் என்று நூற்பாலைகள் நடத்தினவே, அங்கே மணமாகாத பெண்தான் வேண்டும். ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கலாம், எதிர்த்துப் பேச மாட்டாள். இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றே. கேள்வி கேட்காத, வீட்டுக்கு ஓடாத ஆள் வேண்டும்.

தோழர்களே, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து கிணறு வெட்டினால்கூட ஒற்றுமை வேண்டாமா? மேலே கயிறு பிடிப்பவன் பொறுப்பில்லாதவனாக இருந்தால் கீழே இருப்பவன் உயிர் போகும். சின்னக் கம்பெனியில் நேரத்துக்கு வருவது, பொய் சொல்லாதது, கூட வேலை செய்பவரை மதிப்பது, இதையெல்லாம் பார்த்து எடுப்பது நியாயம்தான். வேலைக்கு வேண்டிய குணம் வேறு, தன் சாயலைத் தேடுவது வேறு. கயிறு பிடிப்பவன் கை உறுதியைப் பார். அவன் என்ன பாட்டுக் கேட்கிறான் என்று பார்க்காதே!

மாற்றுக் கருத்து இருந்தால் வேலை கெடும் என்கிறார்கள். உண்மை நேர்மாறானது. அமெரிக்காவில் தெரானோஸ் என்று ஒரு ஸ்டார்ட்அப். 2003-ல் தொடங்கியது. ஒரு சொட்டு ரத்தத்தில் எத்தனையோ பரிசோதனை செய்வோம் என்றது. தொள்ளாயிரம் கோடி டாலர் மதிப்பு என்றார்கள். மெஷின் சரியாக வேலை செய்யவில்லை என்று உள்ளே இருந்தே சொன்னவர்கள் உண்டு. டைலர் ஷுல்ட்ஸ் என்ற இளைஞர் அவர்களில் ஒருவர். அவருக்குக் கிடைத்தது வக்கீல் மிரட்டல். முடிவு என்ன? கம்பெனி 2018-ல் மூடப்பட்டது. நடத்திய எலிசபெத் ஹோம்ஸ் 2022-ல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பதினொரு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். கேள்வி கேட்டவர் பேச்சைக் கேட்டிருந்தால் எத்தனை நோயாளிகள் தப்பான ரிசல்ட்டிலிருந்து தப்பியிருப்பார்கள்!

ரிங் பிரேமில் நிற்கும் தோழருக்கு இது புரியும். மெஷின் சத்தம் மாறினால் முதலில் காதில் விழுவது மானேஜருக்கா, உங்களுக்கா? நீங்கள் வாய் திறக்கப் பயந்தால் பேரிங் எரிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும்.

நாம் நிற்கும் இந்த மண்ணையும் நினைத்துப் பாருங்கள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை அமைத்தார். 1906-ல் வ.உ.சி. கண்ட சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவரும் அவர்தான். அந்நாளைய ஸ்டார்ட்அப் அது! மதுரைச் சங்கம் என்றால் நம் ஜனங்களுக்கு உடனே எந்தக் கதை ஞாபகம் வருகிறது? நக்கீரர் கதை. பாட்டு இறைவன் எழுதியதே ஆனாலும் பிழை பிழைதான் என்று ராஜ சபையில் நின்று சொன்ன புலவர் கதை. இன்றைய இண்டர்வியூவுக்கு நக்கீரர் போனால் என்ன ஆகும்? "புலமை நன்று, கல்ச்சர் ஃபிட் இல்லை" என்று அனுப்பிவிடுவார்கள்!

பிறரை மட்டும் சொன்னால் போதாது. எங்களையும் சொல்லிக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஊர்வலத்துக்குத் தேதி குறித்தோம். ஒரு இளந்தோழர் எழுந்து, "அது பருத்தி எடுக்கிற நேரம், கூலியை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள்" என்றார். "இவன் எப்போதும் இப்படித்தான், நம்ம வழிக்கு வரமாட்டான்" என்று உட்கார வைத்தோம். எதிர்பார்த்ததில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஊர்வலம் போனதைவிட, அந்தத் தம்பி அப்புறம் கூட்டத்தில் வாய் திறக்கவே இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம். விவாதத்தில் சுதந்திரம், முடிவெடுத்த பின் செயலில் ஒற்றுமை என்பது நம் பாடம். முதல் பாதியை மறந்தால் இரண்டாம் பாதி வெறும் அதிகாரம்.

சரி, என்ன செய்வது?

வேலை வாய்ப்பில் சமூகத் தோற்றம், அரசியல் கருத்து, மதம், பால் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்பது 1958-ல் நிறைவேறிய சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 111-வது உடன்படிக்கை. இந்தியா 1960-லேயே அதை ஏற்றது. அது தனியார் கம்பெனியின் இண்டர்வியூ அறை வரைக்கும் செல்லச் சட்டம் வேண்டும் என்று கேட்போம். எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே கேள்வி கேட்கட்டும். என்ன குணம் தேவை என்று முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். நேர்மையான கம்பெனிக்கு இதில் என்ன நஷ்டம்?

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. "பொருந்தவில்லை" என்று வந்தால் அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொய் வேஷமும் போடாதீர்கள். கருத்து மாறினால் காரணத்தோடு, மரியாதையோடு சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சங்க ஆபீசில் இண்டர்வியூப் பழக்கம் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். வேலையில் இருக்கும் பிள்ளைகள் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண் அடுத்த மாதம் இன்னொரு இண்டர்வியூவுக்குப் போகிறார். "அதே கேள்வி வந்தால் அதே பதில்தானா, அம்மா?" என்று கேட்டோம்.

"அதே பதில்தான் அண்ணே. ஆனால் இந்தத் தடவை, போன வருஷம் உங்களிடம் மறுத்துப் பேசியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நானும் ஒரு கேள்வி கேட்பேன்" என்றார்.

தோழர்களே, கலாச்சாரம் யாரிடம் இருக்கிறது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.