சாலைக்கும் ஒரு தரகர்!



சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள் நம் பெரியவர்கள். அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலைகளின் வரலாற்றைப் படித்தபோது, அந்தப் பூசாரி கடல் கடந்தும் குடியேறியிருப்பதைக் கண்டேன். அங்கே அவருக்குப் பெயர் ஆலோசகர்!

1956 இல், ஐசனோவர் ஆட்சியில், அங்கே நெடுஞ்சாலைச் சட்டம் பிறந்தது. 41,000 மைல் நீளச் சாலைகள். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாஷிங்டன் அரசினுடையது என்றார்கள். பணம் வானத்திலிருந்தா கொட்டிற்று? இல்லை, வண்டியோட்டுகிறவன் வாங்கும் பெட்ரோலின் மீது வரி. அந்த வரி 1993 இல் கேலனுக்கு 18.4 சென்ட் என்று உயர்ந்தது. ஆகவே அது ஊரான் பணமல்ல, ஊரார் பணம்!

ஊரார் தந்த பணத்தில் ஊராருக்குச் சாலை. கேட்டால் கிடைக்காதா? நாடகக்காரன் நான், ஒரு கற்பனைக் காட்சி காட்டுகிறேன். இடம், ஒரு சிற்றூர் நகரமன்றம்.

தலைவர்: எங்கள் சாலை குறுகல், விபத்தோ பெருகல். அகலப்படுத்த நிதி வேண்டும்.

ஆலோசகர்: முயல்வோம். மாதந்தோறும் கட்டணம் உண்டு.

தலைவர்: நிதி வராவிட்டால்?

ஆலோசகர்: கட்டணம் வந்தாக வேண்டும்!

சிரிக்கிறீர்கள். சிரிப்புக்கு அடியில் சோகம் இருக்கிறது. அரசியல்வாதிகளிடம் பரிந்து பேசும் வேலைக்கு வாஷிங்டன் தந்த பணத்தைச் செலவிடலாகாது என்று 1989 இல் சட்டம் வந்தது. நல்ல சட்டந்தான். ஆனால், தரகு நிற்கவில்லை. ஊரின் சொந்தப் பெட்டியிலிருந்து போகிறது. வரி ஒருமுறை, அதைத் திருப்பிக் கேட்க வாய்க்கூலி மறுமுறை!

இந்த நிலை ஏன் வந்தது? காங்கிரஸ் சபை, சாலைச் சட்டத்திலேயே இன்ன ஊருக்கு இன்ன தொகை என்று பெயர் குறித்து ஒதுக்கப் பழகிற்று. அத்தகைய ஒதுக்கீடுகள் நூற்றைத் தாண்டிவிட்டன என்பதற்காக 1987 இல் ரீகன் மசோதாவைத் திருப்பியனுப்பினார். சபை அவரை மீறி நிறைவேற்றிற்று. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ ஆறாயிரத்துக்கும் மேல்! அலாஸ்காவில், ஏறத்தாழ ஐம்பது பேர் வாழும் கிராவினா தீவுக்குப் பாலம் போட 22 கோடி டாலருக்கு மேல் குறித்தார்கள். அந்தத் தீவில் கெட்சிகன் நகரத்தின் விமான நிலையம் இருக்கிறது, உண்மை. ஆனால் படகோ சில நிமிடங்களில் சேர்த்துவிடும். அன்று சபையின் போக்குவரத்துக் குழுத் தலைவர் டான் யங், அலாஸ்காவின் பிரதிநிதி. நாடே நகைத்தது, 2007 இல் பாலத் திட்டம் கைவிடப்பட்டது. குழுத் தலைவரைப் பெற்ற மாநிலத்துக்குக் கேளாமலே கிடைக்கும். பெறாத ஊர் என்ன செய்யும்? தரகரைத் தேடும்!

2011 இல் அந்தப் பழக்கத்தை நிறுத்தினார்கள். 2021 இல் வேறு பெயரில் மீண்டும் வந்தது. இடையில், 2009 இல், போட்டி முறையில் மானியம் என்றார்கள். திட்டத்தின் பெயர் டைகர், அதாவது புலி! இருந்தது 150 கோடி டாலர். வந்த விண்ணப்பங்கள் 1,400க்கு மேல், தேறியவை 51. வரவு செலவுக் கணக்கு, பயன் கணக்கு, சுற்றுச்சூழல் ஆய்வு என்று அடுக்கடுக்காய்க் காகிதம்! பெருநகரத்துக்குப் பொறியாளர் படை இருக்கிறது. இரண்டு எழுத்தர் மட்டுமே உள்ள சிற்றூர் அந்தப் புலியின் முன் என்ன செய்யும்?

ஆகவே, தோழர்களே, ஆலோசகரை நான் ஏசவில்லை. கணக்குப் போட்டு, வரைபடம் தீட்டி, உழைத்துக் கூலி பெறுபவரும் அவர்களில் உண்டு. என் கோபம் கதவின் மீது. தட்டத் தெரிந்தவனுக்கே திறக்கும் கதவாக அதைச் செய்தவர்கள் மீது! பள்ளம் ஆழமான ஊருக்குச் சாலை என்பது நீதி; பை ஆழமான ஊருக்குச் சாலை என்பது வாணிபம்.

மன்றங்களில் அமரும் தோழர்களே, இத்தகைய ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டணம் எவ்வளவு? எந்தப் பெட்டியிலிருந்து? செய்த வேலை என்ன? விடையை ஊர்ச் சாவடியில் எழுதி ஒட்டுங்கள். அதோடு நிற்காதீர்கள், சிற்றூருக்குக் கணக்கெழுதித் தரும் பொறியாளரை அரசே அனுப்பட்டும் என்று முழங்குங்கள். உரிமைக்குத் தரகு கொடுக்கும் வரை அது உரிமையல்ல, யாசகம்!