உலைக்கல்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம்மவர் வீட்டு மாணாக்கன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, ஓய்வு நாட்களில் கொல்லுத் தொழில் பழக விரும்புகின்றேன், பட்டடை வாங்கத்தான் பணமில்லை" என்றான். அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. என் தந்தையார் காலமான பின்னர், அவர்தம் பட்டடையைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு விற்றவன் யானே. தமிழ் கற்பித்துப் பிழைப்பவனுக்கு இவ்விரும்புக் கட்டி எதற்கு என்று அன்று எண்ணினேன். அப்பிழைக்குக் கழுவாயாகவே இன்று சில சொல்லத் துணிந்தேன்.

பட்டடையைப் பழந்தமிழர் உலைக்கல் என்றனர். புறநானூற்றின் 170ஆம் பாட்டு, கொல்லன் ஓங்கி அடிக்கும் சம்மட்டியை எதிர்த்து நிற்கும் உலைக்கல்லை ஒரு வீரனுக்கு உவமையாக்குகின்றது. அப்பெயரிலேயே 'கல்' இருத்தலை நோக்குங்கள். இரும்புப் பட்டடை கிட்டாத இடங்களில் கல்லின்மீதே அடித்துத் தொழில் செய்த கொல்லர் உலகில் உண்டு. ஆதலின் பட்டடைக்கு இலக்கணம் கொம்பும் வடிவும் அல்ல. அடியைத் தாங்கி அசையாது நிற்றலே.

அங்ஙனமாயின் எளியோன் செய்யத்தக்கது யாது? தண்டவாளத் துண்டு ஒன்று போதும். மீட்டருக்கு 60 கிலோகிராம் எடையுள்ள தண்டவாளத்தில் அரை மீட்டர் துண்டு 30 கிலோகிராம் இருக்கும். அதனைக் கிடத்தி அடித்தால் நடுவிலுள்ள மெல்லிய பகுதி அதிரும். அடியின் வலிமை வீணாகும். செங்குத்தாக நிறுத்தினாலோ முழு எடையும் அடிக்கு நேர்கீழே நின்று தாங்கும். தலைப்பகுதி சிறிதாயினும், சுத்தியின் முகமும் சிறிதே அன்றோ? மேல்முகத்தைச் சமமாகத் தேய்த்து, கனத்த மரக்கட்டையில் இறுகப் பதித்திடுக. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மூடிய கைம்முட்டி தொடும் உயரமே தக்கது.

வளைப்பதற்குக் கொம்பு இல்லையெனின் கனத்த குழாய்த் துண்டு உதவும். மரக்கட்டையில் சிறு குழி குடைந்து, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய தகட்டை வைத்து அடித்தால் கரண்டி உருவாகும். லாரியின் பழைய வில்பட்டைத் துண்டைக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தினால் உளியாகும்.

எச்சரிக்கையும் சில உண்டு. தண்டவாளத்தை ரசீதுடன் வாங்குக. ரயில்வேச் சொத்தை முறையின்றி வைத்திருத்தல் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். வெறும் பட்டடையைச் சுத்தியால் ஓங்கி அடியாதீர். சில்லுத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணிதல் இன்றியமையாதது. துத்தநாகம் பூசிய இரும்பை உலையிலிடாதீர். அதன் புகை காய்ச்சலை விளைக்கும்.

அம்மாணாக்கன் இப்பொழுது தண்டவாளத் துண்டொன்றில் பழகி வருகின்றான். முதலில் அடித்த ஆணி கோணலாயிற்று. ஆயினும் அதனை என் கையில் தந்தபோது என் தந்தையாரின் பட்டறை ஓசை காதில் ஒலித்தது.

பெரியோர்களே! இல்லத்து மூலையில் பழைய பட்டடை கிடந்தால் எடைக்கு விற்றுவிடாதீர்கள். இளைஞன் ஒருவனுக்குக் கொடுங்கள். இரும்பை எங்கும் பெறலாம். சுத்தி பிடிக்கும் முறையை உங்கள் கைகளே அறியும். அக்கைகள் ஓயுமுன் அவனருகில் நின்று கற்பியுங்கள் என்று வேண்டி அமர்கின்றேன்.